பட்டதா, படவில்லையா

மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு ரிப்பேர் கடையில் பழைய டிவியின் முதுகைத் திறந்து வைத்திருந்தார்கள். சூடான தூசியின் வாசனை. அவ்வளவுதான், எண்பதுகளுக்குப் போய்விட்டேன்.

அப்போது ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் ஏறி, இதே தெருவின் ஒரு மாடிக்குக் கம்ப்யூட்டர் வகுப்பு எடுக்க வருவேன். பட்டியல் போடாமல் எனக்கு எதுவும் நினைவுக்கு வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்: ஒரு சின்னக் கம்ப்யூட்டர், திரைக்குக் கறுப்பு வெள்ளை டிவி, நிரலைச் சேமிக்கக் கேசட் ரெக்கார்டர், கட்டம் போட்ட தாள், என்னோடு பாடம் எடுத்த ஸ்டெல்லா.

மாணவர்களுக்காக இருவரும் ஒரு விளையாட்டு எழுதினோம். மேலிருந்து பார்ப்பதுபோல ஒரு பாலம். சைக்கிள் போகும், பின்னால் பஸ் வரும், ஒதுங்க வேண்டும். இரண்டையும் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத ஒரு பெட்டி. பெட்டிகள் உரசினால் ஆட்டம் முடிந்தது.

"மேடம், பஸ் படவே இல்ல. காத்து பட்டே செத்துட்டேன்," என்றான் ஒருவன். வகுப்பே சிரித்தது. ஸ்டெல்லா சிரிக்கவில்லை.

பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்த அவள் அண்ணன், ஒரு பஸ் கடந்து போனபோது சைக்கிளிலிருந்து விழுந்து இறந்திருந்தார். "பஸ் படல, அவராத்தான் விழுந்தார்," என்றார் டிரைவர். பார்த்தவர்களும் அதையே சொன்னார்கள். அந்த 'படல' அவளை விடவில்லை.

"புள்ளிக்குப் புள்ளி பாக்கலாம்ப்பா," என்றாள்.

இரண்டு உருவங்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, ஒரே இடத்தில் இரண்டுக்கும் புள்ளி இருந்தால்தான் மோதல். பொம்மை சைக்கிள் எதையும் நிரூபிக்காது என்று இருவருக்கும் தெரியும். ஆனாலும் கட்டத்தாளில் ஹேண்டில்பாரில் ஒரு சாப்பாட்டுப் பை வரைந்தாள். பஸ்ஸுக்குப் பக்கவாட்டில் நீட்டிய கண்ணாடி வரைந்தாள். நான் அவற்றை எண்களாக்கி நிரலில் ஏற்றினேன்.

ஓட்டினோம். கண்ணாடி பையைத் தாண்டிப் போயிற்று. மோதல் இல்லை என்றது நிரல்.

தவறு என்னுடையதுதான். வேகத்துக்காகப் பஸ்ஸை ஒரே தாவலில் பல புள்ளிகள் நகர்த்தியிருந்தேன். ஒரு படத்தில் கண்ணாடி பைக்குப் பின்னால், அடுத்த படத்தில் முன்னால்.

"நடுவுல?"

"நடுவுல ஒண்ணும் இல்ல. மிஷின் அதைப் பாக்கல."

"அங்கயும் அப்படித்தான். அதுக்கு முன்னாடி பாத்தவங்க இருக்காங்க, பின்னாடி பாத்தவங்க இருக்காங்க."

ஒவ்வொரு புள்ளியாக நகரும்படி மாற்றி எழுதினேன். ஓட்டப் போகையில் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம்ப்பா. பட்டுச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்? படலன்னா என்ன பண்ணுவேன்?"

ஓட்டாமலே அந்த நிரலைக் கேசட்டில் பதிந்து வைத்தேன். மாணவர்கள் பழைய விளையாட்டையே ஆடினார்கள். பிறகு வகுப்பு மூடப்பட்டது. மாடி இப்போது ஜவுளிக் கிடங்கு. ஸ்டெல்லா எந்த ஊரில் இருக்கிறாளோ, தெரியாது. கேசட் என்னிடம்தான் இருக்கிறது. அதைப் படிக்கும் இயந்திரம்தான் எங்கும் இல்லை.