சவரிநாதனும் நான் நாவில் வைத்த விரலும்

இன்று காலை சவரிநாதன் இறந்துவிட்டார்... சேதராப்பட்டுப் பேருந்தை எதிர்பார்த்து நின்றவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அமர்ந்தார். எழவில்லை.

மாரடைப்பு என்று மருத்துவர் எழுதிக் கொடுத்துவிட்டார். நெல்லித்தோப்பில் எங்கள் தெரு அதை நம்பவில்லை.

சற்று முன் அவர் மனைவி மரியா தொலைபேசியில் அழைத்தார். "எதுத்த வூட்டுக்காரங்ககூட வாசல்லயே நின்னுட்டுப் போயிட்டாங்க அய்யா. பொட்டியத் தூக்க ஆள் வரல. கிருமி ஒட்டிக்குமாம்... நீங்க மேடையில சொன்னதத்தான் திருப்பிச் சொல்றாங்க."

சொன்னேன். மறுக்கவில்லை.

சவரி சேதராப்பட்டில் ஓர் ஆய்வுக்கூடத்தில் நுண்ணுயிர் வளர்ப்பவர். மனிதக் குடலில் வாழும் நுண்ணுயிரை எடுத்து, அதன் மரபணுவோடு நோய்க்கிருமியின் ஒரு சிறு பகுதியை மட்டும் இணைத்து, ஊசியின்றி விழுங்கும் தடுப்பு மருந்தாக்க அங்கே முயன்றுகொண்டிருந்தார்கள்.

ஈராண்டுக்கு முன் இதைக் கேள்விப்பட்டதும் அஞ்சினேன். அந்த அச்சத்தை அப்படியே ஒலிபெருக்கியில் ஊற்றினேன். "அக்கூடத்திலிருந்து வருபவன் கையால் தண்ணீரும் வாங்காதீர்" என்றேன். கைதட்டல் அடங்க நெடுநேரம் ஆயிற்று.

மறுநாளே சவரி என் வீட்டுக்கு வந்தார்... சண்டைக்கு அல்ல.

"நல்லாத்தான் பேசுனீங்க அய்யா. நேத்துலருந்து என் பொண்டாட்டியே எனக்குத் தனிச் சொம்பு வெச்சிட்டா. ஒருவாட்டி வந்து பாத்துட்டு, அப்பறம் திட்டுங்களேன்."

அடுத்த மேடைக்குச் செய்தி கிடைக்குமே என்றுதான் போனேன். மேலாளர் உணவுக்கு வெளியே சென்ற இடைவேளையில், எவருடைய ஒப்புதலும் இன்றி, சவரி என்னை உள்ளே அழைத்துப் போனார். வெள்ளை மேலங்கி, கையுறை எல்லாம் தந்தார்.

உயிர்வளி நீக்கிய பெரிய கண்ணாடிப் பெட்டி. அதன் பக்கங்களில் கை நுழைக்க நீண்ட உறைகள். உள்ளே அடுக்கடுக்காகச் சிறு தட்டுகள், அவற்றில் வெண்புள்ளிகள்... புள்ளி ஒவ்வொன்றும் கோடிக்கணக்கான உயிர் என்றார்.

வெளியே மேசையிலும் ஒரு தட்டு திறந்திருந்தது. எழுதுவதற்காக வலக்கை உறையைக் கழற்றியிருந்தேன். குனிந்து பார்க்கையில் விரல் அதன் விளிம்பில் பட்டது.

நாற்பதாண்டு மேடைப் பழக்கம்... விரலை நாவில் தொட்டு, குறிப்பேட்டின் பக்கத்தைப் புரட்டினேன்.

சவரியின் முகம் வெளுத்ததை நான் மறக்கவே மாட்டேன். என்ன செய்தேன் என்பதே அந்த முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

"முழுங்காதீங்க" என்றார். விழுங்கியிருந்தேன்.

வாயைக் கொப்பளிக்க வைத்தார். கையைத் தேய்த்துக் கழுவ வைத்தார். "பயப்படாதீங்க. நாங்க ஊத்தற ஒரு சத்து இல்லன்னா இது பொழைக்காத மாதிரிதான் செஞ்சிருக்கோம். வயித்துல அது கெடைக்காது, செத்துடும்."

"இதற்குமுன் யாருக்கேனும் கொடுத்திருக்கிறீர்களா?"

"மனுசனுக்கு இன்னும் குடுக்கல அய்யா... நீங்கதான் மொதல் ஆள்."

சிரிக்க முயன்றார்.

அன்றிலிருந்து நாள்தோறும் காலையில் சிறு மூடிப் புட்டியோடு வருவார், என் மலத்தைச் சோதிக்க. அதைக் காகிதத்தில் சுற்றி, பையின் அடியில் வைத்து எடுத்துச் செல்வார்.

"தெனம் வந்து அவருகிட்ட என்னாதான் தம்பி வாங்கிட்டுப் போற?" என்று என் மனைவி மறித்தாள்.

"மேடைக் குறிப்புதான்க்கா."

"அந்தக் கருமத்த நீயாச்சும் எடுத்துட்டுப் போ."

பிறந்து மூன்று மாதமே ஆன என் பேத்தி அப்போது எங்களோடு இருந்தாள். நான் அவளைத் தொடவில்லை. அவள் அழும்போதெல்லாம் எழுந்து அடுத்த அறைக்குப் போனேன். ஒவ்வொரு இரைச்சலுக்கும் வயிற்றைப் பிடித்துக்கொண்டேன்... உள்ளே ஏதோ பெருகுகிறது, ஏதோ பெருகுகிறது என்று.

பத்தாம் நாள் சவரி வெறுங்கையோடு வந்தார். தொட்டிலிலிருந்து குழந்தையைத் தூக்கி என் மடியில் கிடத்தினார்.

"தட்டுல அது ஒண்ணுகூட மொளைக்கல அய்யா. தூக்குங்க."

நான் அழுதேன். எல்லாவற்றையும் மேடையிலேயே சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"வேணாம் அய்யா. வெளியாள உள்ள வுட்டேன்னு தெரிஞ்சா என் வேல போயிடும்."

எனக்கு அப்போது எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்பதையும் அவர் பார்த்திருப்பார். அதன்பின் அந்தக் கூடத்தைப் பற்றி நான் பேசவில்லை. பேசியதைத் திரும்பப் பெறவும் இல்லை.

இனி அவர் வேலை போகாது. ஆகவே எழுதுகிறேன்.

அவர் வளர்த்த நுண்ணுயிரை இத்தெருவில் விழுங்கியவன் நான் ஒருவன்தான். உயிரோடு இருக்கிறேன். அவர் கைபட்ட எதிலும், அவர் உடலிலும், நீங்கள் அஞ்சத்தக்கது ஒன்றும் இல்லை.

ஆனால் ஒன்றை மறைக்க மாட்டேன்... இன்றும் சில விடியல்களில் அடிவயிற்றை அழுத்திப் பார்த்துக்கொள்கிறேன். பத்தாம் நாள் அவர் சொன்னது ஆய்வின் முடிவா, என்னைத் தேற்றச் சொன்னதா என்று நெஞ்சு கேட்கும். கேட்கும்போதெல்லாம் தெருக்கோடி வரை நடந்து அவர் வீட்டுக்குப் போவேன். "மொளைக்கல அய்யா" என்று ஒவ்வொரு முறையும் புதிதாகச் சொல்வார்.

இனி யாரைக் கேட்பேன்...

மாலை நான்கு மணிக்கு அடக்கம். எனக்கு முன்னே யாராவது அங்கு வந்திருப்பீர்களா என்பதும் தெரியவில்லை.

சவரி... அஞ்சிக்கொண்டேதான் வருகிறேன். பெட்டியின் தலைப்பக்கம் என் தோள்.