நின்னுக்கிட்டா, உக்காந்துக்கிட்டா?

தொழில் வழிகாட்டல் பொறுப்பு என் தலையில் விழுந்ததற்கு ஒரே காரணம், அன்றைய ஆசிரியர் கூட்டத்துக்கு நான் போகாததுதான். எனக்குக் காய்ச்சல். மறுநாள் போனபோது பாடசாலை அதிபர் ஒரு ஃபைலைக் கையில் தந்து, "எல்லாரும் உங்க பேரத்தான் சொன்னாங்க டீச்சர்" என்றார். உள்ளே இரண்டு பழைய சுற்றுநிருபங்களும் துருப்பிடித்த ஒரு கிளிப்பும் இருந்தன.

பசறையிலிருந்து மடுல்சீமைக்குப் போகிற பாதையில் இருக்கிறது எங்கள் பாடசாலை. உயர்தர வகுப்புக்குப் புவியியல் படிப்பிக்கிறேன். என் பிள்ளைகளைப் போலவே தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவள்தான் நானும். இப்போது பசறையில் வீடு. இத்தனை வருடம் கரும்பலகை முன்னால் நின்றதில் முழங்காலுக்குக் கீழே நரம்பெல்லாம் முடிச்சு முடிச்சாகிவிட்டது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் யாருடனும் பேசப் பிடிக்காது.

அப்படியிருக்கும்போதுதான் பதுளையில் தொழில் வழிகாட்டல் கண்காட்சி, உயர்தர மாணவர்களைக் கூட்டிவரவும் என்று கடிதம் வந்தது. முன்பு ஒரு தடவை அப்படிப் போயிருக்கிறேன். எல்லா மேசையிலும் சிங்களத்தில்தான் விளக்கம். பிள்ளைகள் வாசிக்கத் தெரியாத துண்டுப்பிரசுரங்களைப் பை நிறைய வாங்கிக்கொண்டு திரும்பினார்கள்.

"இந்த முறை விட்டுருவோமா சேர்?" என்று அதிபரிடம் கேட்டுப் பார்த்தேன்.

"போயிட்டு வாங்க டீச்சர். நாலு புது மனுசரப் பாத்துட்டாவது வரட்டும்."

இருபத்திரண்டு பேர் வந்தார்கள். தோட்டத்து மேல் டிவிசன் பிள்ளைகள் விடியும் முன்னே நடக்கத் தொடங்கி, சேறு அப்பிய சப்பாத்துகளோடு பஸ்ஸுக்கு நின்றார்கள். வளைவுகளில் இரண்டு பேர் வாந்தி எடுத்தார்கள். பதுளையில் இறங்கும்போது தூறிக்கொண்டிருந்தது. எனக்கு அப்போதே திரும்பிப் போய்ப் படுக்க வேண்டும்போல இருந்தது.

மண்டபத்தைச் சுற்றிலும் மேசைகள். என் பிள்ளைகள் வாசலுக்குப் பக்கத்திலேயே ஒரு கூட்டமாக ஒட்டிக்கொண்டு நின்றார்கள். "போய்க் கேளுங்க" என்றால் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். கடைசியில் நானே அவர்களை முதல் மேசைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். அது ஹோட்டல் பயிற்சி நிலையம் ஒன்றின் மேசை. கறுப்புக் கோட் போட்ட ஒரு இளம்பெண் சிங்களத்தில் பேசினாள், நான் தமிழில் சொன்னேன். ஆறுமாதப் பயிற்சி, சான்றிதழ், வெளிநாட்டு வாய்ப்பு. பேசி முடித்துவிட்டு, கேள்விகள் இருக்கிறதா என்று கேட்டாள். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"இந்த வேலைய நின்னுக்கிட்டா செய்யணும், உக்காந்துக்கிட்டா செய்யணும்?"

கேட்டவள் என் வகுப்பில் மூன்றாவது வரிசையில் இருக்கிறவள். அதிகம் பேசமாட்டாள், புள்ளிகளும் நடுத்தரம்தான். அப்பா கொழும்பில் ஒரு கடையில் வேலை. அம்மா தோட்டத்து மலையில் கொழுந்து எடுக்கிறார். பையன்கள் சத்தமாகச் சிரித்தார்கள். எனக்கு வெட்கமாகிவிட்டது. வந்த இடத்தில் சோம்பேறி மாதிரிக் கேட்கிறாளே என்று நினைத்தேன். மொழிபெயர்க்காமல் விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன். ஆனால் கோட் போட்ட பெண் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு வழியில்லாமல் சொன்னேன்.

அவள் சிரிக்கவில்லை. ஒரு கணம் தன் சப்பாத்தைக் குனிந்து பார்த்தாள்.

"நின்றுகொண்டுதான். ஒன்பது மணித்தியாலம். முதல் மாதம் கால் வீங்கி எனக்குச் சப்பாத்துப் போட முடியவில்லை. இதை இன்றைக்கு ஒருவரும் கேட்கவில்லை, தங்கச்சி."

அதற்குப் பிறகு அவள் துண்டுப்பிரசுரத்தை மேசையில் வைத்துவிட்டு வேறு விதமாகப் பேசினாள். பண்டிகை நாளில் லீவு கிடைக்காது, சமையலறைப் பக்கம் போனால் கத்துவார்கள், அதைப் பெரிதாக எடுக்கக்கூடாது, சாப்பாடு நல்லது, மூன்று நாலு வருடம் தாக்குப்பிடித்தால் வரவேற்பு மேசைக்குப் போகலாம். சிரித்த பையன்கள் மெல்ல முன்னால் வந்தார்கள். தங்க இடம் தருவார்களா என்று ஒருவன் கேட்டான். ஆங்கிலம் தெரியாவிட்டால் எடுப்பார்களா என்று இன்னொருவன் கேட்டான். இரண்டுக்கும் நேரான பதில் கிடைத்தது. அடுத்த மேசைக்கு நான் யாரையும் தள்ள வேண்டியிருக்கவில்லை. மாறாக, "டீச்சர் இங்க வாங்க, டீச்சர் அங்க வாங்க" என்று மொழிபெயர்க்க என்னை இழுத்துக்கொண்டு திரிந்தார்கள். மதியத்துக்குள் தொண்டை கட்டிப்போனது.

அந்தப் பிள்ளை எல்லா மேசையிலும் அதே கேள்வியைக் கேட்டாள். பதிலைக் கொப்பியில் எழுதினாள். ஆடைத் தொழிற்சாலை: உட்கார்ந்து, ஆனால் எழும்ப விடமாட்டார்கள். தாதி: நின்று. வங்கி: உட்கார்ந்து, கணக்குப் பாடம் வேண்டும்.

கடைசிப் பக்கம் ஒரு மேசையில் கூட்டமே இல்லை. கட்டட வரைபடம் வரையப் பழக்குகிற தொழிற்பயிற்சி நிலையம் அது. ஓய்வுபெறும் வயதில் ஒருவர் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். கொஞ்சம் தமிழ் பேசினார்.

"ரெண்டும்தான் மகள்" என்றார். "அளக்கப் போனா நிக்கணும். வரையிறது உக்காந்து."

சுருட்டி வைத்திருந்த ஒரு மலைக்காணியின் வரைபடத்தைப் பிரித்துக் காட்டினார். நான் வகுப்பில் படிப்பிக்கிற அதே சமவுயரக் கோடுகள். அவள் குனிந்து நிறைய நேரம் பார்த்தாள். பிறகு ஒரு இடத்தில் விரலை வைத்து, "இங்க கோடெல்லாம் நெருங்கி வருதே, சரிவு ரொம்பக் கூட. இங்கயா வீடு கட்டப் போறாங்க?" என்றாள்.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கட்டக்கூடாது. அதச் சொல்லத்தான் இந்தப் படம்" என்று சொல்லிவிட்டு ஒரு படிவத்தை எடுத்து நீட்டினார்.

விலாசம் எழுதும் இடத்தில் அவள் தோட்டத்துப் பெயர், டிவிசன், லயத்து இலக்கம் எல்லாம் எழுதப் போனாள். அவர் தடுத்தார். "தோட்டத்துக்குப் போட்டா ஆபீஸ்ல கெடந்துதான் உங்க கைக்கு வரும். கெதியா கெடைக்கிற விலாசமா எழுதுங்க." அவள் என்னைப் பார்த்தாள். பாடசாலை விலாசத்தை எழுதச் சொன்னேன்.

திரும்பி வருகிற பஸ்ஸில் என் பக்கத்து சீட்டு அவளுக்குக் கிடைத்தது. ஏன் அப்படிக் கேட்டாய் என்றேன்.

"அம்மா மலையில இருந்து வந்ததும் சொவத்துல கால தூக்கி வச்சிக்கிட்டுத்தான் டீச்சர் படுப்பாங்க. தினம் அதத்தான் பாக்குறேன். வேற என்னா கேக்குறதுன்னு எனக்குத் தெரியல."

என் கால்களும் அப்போது கொதித்துக்கொண்டிருந்தன.

உயர்தரப் பரீட்சை முடிந்தது. சித்திரை விடுமுறையில் ஒரு நாள் பாடசாலைக் காவலாளி போன் எடுத்தார். அந்தப் பிள்ளை பெயருக்கு ஒரு கடிதம் வந்து ஐந்து நாளாகக் கிடக்கிறதாம். போய்ப் பிரித்துப் பார்த்தேன். நாளை மறுநாள் காலை பதுளையில் நேர்முகப் பரீட்சை. பாடசாலை விலாசத்தைக் கொடுத்தது நான். லீவு வரும் என்று யோசிக்காமல் விட்டதும் நான்தான்.

அவளுக்குப் போன் எடுத்தேன். லயத்தில் சிக்னல் இல்லை. ஒரு பிளேன்டியைக் குடித்துக்கொண்டு அரைமணி நேரம் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால், போகாமல் இருக்க ஒரு சாட்டுத்தான் தேடிக்கொண்டிருந்தேன். கிடைக்கவில்லை. மறுநாள் காலை மடுல்சீமை பஸ்ஸில் ஏறினேன். தோட்டத்துப் பாதை மழையில் உடைந்து கிடந்தது, ஆட்டோக்காரர் பாதியிலேயே இறக்கிவிட்டார். மிச்சத்தை நடந்தேன். வழியில் மூன்று இடத்தில் உட்கார்ந்தேன்.

லயத்தில் அவள் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் வாளியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். கடிதத்தைக் கொடுத்தேன். அவள் அம்மா மத்தியானச் சாப்பாட்டுக்காக மலையிலிருந்து வந்தார். இடுப்பில் கட்டின சாக்கைக்கூட அவிழ்க்காமல், நான் சொன்ன விஷயத்தைக் கேட்டார்.

"ஹாஸ்டல்ல நிக்கணுமா டீச்சரம்மா?"

"ஆமாங்க. பொம்பளப் புள்ளைங்களுக்கு வேறயா இருக்கு."

"படிச்சு முடிச்சா வேல நிச்சயமா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். சொல்ல மனம் வரவில்லை. "நிச்சயம்னு சொல்ல முடியாதுங்க. ஆனா இது நான் புடிச்சுக் குடுத்தது இல்ல. உங்க மக தானா கேட்டு, அலசிப் பாத்து எடுத்தது."

அவர் மகளைப் பார்த்தார். "நீயா கேட்ட?"

"ம்."

"யாருக்கிட்ட?"

"தெரியாத ஆளுங்கக்கிட்டதான்ம்மா. எல்லா மேசையிலயும் கேட்டேன்."

அம்மா இடுப்புச் சாக்கை அவிழ்த்து வைத்தார். "நாளைக்கு விடிய பெரட்டுல பேர் எடுக்கையில சொல்லிட்டு நானும் கூட வாறேன்" என்றார் பிறகு. எனக்குச் சோறு போட்டார். கருவாட்டுக் குழம்பு. அவ்வளவு பசியோடு நான் சாப்பிட்டு வெகுநாளாகியிருந்தது.

அவளுக்கு இடம் கிடைத்தது. முதல் மூன்று மாதமும் போனில் அழுதாள். பாடமெல்லாம் சிங்களத்தில், ஒன்றும் விளங்கவில்லை, வீட்டுக்கு வரப்போகிறேன் என்றாள். பெரிதாகத் தைரியம் சொல்ல எனக்கும் தெம்பு இருக்கவில்லை. "இந்த மாசம் முடியட்டும், பாப்போம்" என்று மட்டும் சொல்வேன். அடுத்த மாதமும் அதையே சொல்வேன். அப்படியே மாதங்கள் போய், படித்து முடித்துவிட்டாள். இப்போது பண்டாரவளையில் ஒரு வரைபட அலுவலகத்தில் வேலை செய்கிறாள்.

மற்றவர்களில் பாதிப்பேருக்கு மேல் கொழும்புக் கடைகளுக்குத்தான் போனார்கள். அதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை. இரண்டு பையன்கள் ஹோட்டலுக்குப் போனார்கள். ஒருவன் நாலு மாதத்தில் திரும்பி வந்தான், மற்றவன் தாக்குப்பிடித்தான். ஆனால் இருவருமே எதற்குப் போகிறோம் என்று தெரிந்துதான் போனார்கள். ஆடைத் தொழிற்சாலைக்குப் பெயர் கொடுத்திருந்த ஒரு பிள்ளை, மேசையில் கேட்டதை வைத்து வேண்டாம் என்று முடிவெடுத்தாள். அந்த ஒரு நாளில் கிடைத்தது இவ்வளவுதான். வகுப்பறையில் நான் எத்தனை பாடம் நடத்தினாலும் இதைக் கொடுத்திருக்க முடியாது. ஒரு வேலையைச் செய்கிற ஆளின் முகத்தைப் பார்த்துக் கேட்டால் அந்த ஆள் உண்மை சொல்வார் என்று அந்தப் பிள்ளைகளுக்கு அதற்குமுன் யாரும் காட்டியதில்லை. எனக்கும்தான்.

போன மாதம் பதுளை பஸ் ஸ்டாண்டில் அம்மாவையும் மகளையும் கண்டேன். அம்மாவைக் காட்ட ஆஸ்பத்திரி கிளினிக்குக்கு வந்திருந்தார்கள். மகள் மருந்துப் பையைப் பிடித்துக்கொண்டு, வரும் வாரம் வெலிமடையில் ஒரு காணி அளக்கப் போகவேண்டும் என்றாள். மெலிந்திருந்தாள்.

"மலை வேலைய நிப்பாட்டச் சொல்லுறா டீச்சரம்மா" என்றார் அம்மா. "ரிட்டயர் ஆக இன்னும் ரெண்டு வருசம் இருக்கு எனக்கு. அதுக்குள்ள எப்பிடி நிப்பாட்டுறது?"

"சொன்னா கேக்கமாட்டாங்க டீச்சர்" என்றாள் மகள்.

மடுல்சீமை பஸ் வந்தது. அம்மா கூட்டத்தோடு கூட்டமாக ஏறினார். பஸ் கிளம்பும்வரை மகள் வெளியே நின்று, எந்த மாத்திரையை எப்போது போட வேண்டும் என்று ஜன்னல் வழியாகச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "வாறேன் டீச்சர், பின்னேரம் ஆபீஸ் போகணும்" என்று பண்டாரவளை பஸ்ஸை நோக்கி நடந்தாள்.