வெறும் ஆணி

மயிலாப்பூர் மாட வீதியில் கீரை விற்கிறேன். பக்கத்தில் சாக்கு விரித்து எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் விற்றுக்கொண்டிருந்தவள் என்னைவிட இளையவள், என்னை அக்கா என்பாள். இப்போது அந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள். அவள் திரும்பி வந்து உட்காரமாட்டாளா என்று காலையில் கூடையை இறக்கும்போதெல்லாம் அந்தப் பக்கம் பார்க்கிறேன். அவள் போனதற்குக் காரணம் நான்தான்.

எங்கள் இரண்டு பேருக்கும் கடைவாய்ப் பல் போயிருந்தது. ஒரு பல் ஆஸ்பத்திரியில் புதுமாதிரிப் பல் வைத்துப் பார்க்க ஆள் தேடுகிறார்கள் என்று என்னிடம் கீரை வாங்கும் அம்மா ஒருத்தி சொன்னாள். சேர்ந்தே போனோம். ஒரு சின்ன வயசு லேடி டாக்டர் எங்களைப் பெஞ்சில் உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார். தாடை எலும்பில் திருகாணி மாதிரி ஒன்றை இறக்குவார்களாம். எலும்பு வளர்ந்து அதைச் சுற்றிப் பிடித்துக்கொண்ட பிறகு மேலே பல்லை மாட்டுவார்களாம். சீக்கிரம் பிடிக்கட்டும் என்று சில பேருடைய ஆணிமேல் மருந்து பூசியிருக்கும், சில பேருக்குப் பூசாத ஆணி. யாருக்கு எது என்று கடைசியில்தான் தெரியும், அதுவரைக்கும் தனக்கே தெரியாது என்றார்.

"உனக்கே தெரியாதா? அப்புறம் இன்னா டாக்டரு நீ?" என்று இவள் கேட்டாள்.

டாக்டர் சிரித்துவிட்டார். "தெரிஞ்சா ஒருத்தர நல்லா கவனிப்பேன், இன்னொருத்தர விட்டுடுவேன்மா. அதனாலதான்."

அவள் கைநாட்டு வைத்தாள். நான் கையெழுத்துப் போட்டேன். மூன்று எழுத்துதான், ஆனாலும் நானே போட்டேன்.

ஒரே நாளில் இரண்டு பேருக்கும் ஆணி இறக்கினார்கள். எனக்கு வீக்கம் சீக்கிரம் வடிந்துவிட்டது. அவளுக்குச் சர்க்கரை உண்டு. கன்னம் வீங்கியே கிடந்தது, கஞ்சியைத் தவிர எதுவும் இறங்கவில்லை. சர்க்கரைக்காரர்களுக்கு மெதுவாகத்தான் ஆறும், பயப்படவேண்டாம் என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். நான் சும்மா இருந்திருக்கலாம்.

கீரை வாங்க வந்தவர்கள் அவள் கன்னத்தைப் பார்த்து என்ன ஆச்சு என்று கேட்டார்கள். "எனக்கு மருந்து பூசின ஆணி. இவளுக்கு வெறும் ஆணி" என்றேன்.

முதல் தடவை அவளும் சிரித்தாள். "ஆமா, மகாராணிக்கு மருந்து, வேலக்காரிக்கு ஆணி" என்றாள்.

சிரித்தாளே என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். டீக்கடைக்காரர் பிடித்துக்கொண்டார். "வெறும் ஆணிக்கு ஒரு டீ, சக்கர இல்லாம" என்று தெருவுக்கே கேட்கிறமாதிரி கூவுவார். நான் தடுக்கவில்லை. என்னிடம் இருப்பது அடுத்தவளிடம் இல்லை என்று சொல்லிக்கொள்ள அதுவரை எனக்கு எதுவும் இருந்ததில்லை. அது ருசியாக இருந்தது.

ஒருநாள் மிளகாயைப் பொறுக்கிக்கொண்டே கேட்டாள். "யக்கா, நெஜமாவே எனக்கு வெறும் ஆணிதானா?"

"பின்ன? என் மூஞ்சியப் பாரு, உன் மூஞ்சியப் பாரு."

"அப்போ எலும்பு புடிக்காதா?"

"எப்புடிப் புடிக்கும்? உதுந்த செவுத்துல அடிச்ச ஆணி மாதிரி ஆடிக்கினுதான் கெடக்கும்."

அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் வரச்சொன்ன நாளுக்கு நான் மட்டும்தான் போனேன். கொஞ்ச நாளில் கடைக்கும் வராமல் போனாள். கொட்டிவாக்கத்தில் இருக்கிற மகன் வீட்டோடு போய்விட்டாள், அங்கே ஒரு டாக்டரிடம் அடம்பிடித்து ஆணியைப் பிடுங்கச் சொல்லிவிட்டாள் என்று பூ விற்கிறவள் சொன்னாள்.

எனக்குப் பல் மாட்டினார்கள். நன்றாகத்தான் இருக்கிறது. எல்லாம் முடிந்து யாருக்கு எது என்று சொன்ன அன்றைக்கு டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "உங்களுக்குப் பூசாததும்மா. அதுவும் நல்லாப் பிடிச்சிருக்கு பாருங்க" என்றார்.

"அப்போ என்கூட வந்தவளுக்கு?"

டாக்டர் மறுபடியும் கம்ப்யூட்டரைப் பார்த்தார். "அவங்களுக்கு மருந்து பூசினதுதான். ஏம்மா பாதியில நின்னுட்டாங்க? இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கலாம்."



மறுநாளே கூடையைப் பூ விற்கிறவளிடம் ஒப்படைத்துவிட்டுக் கொட்டிவாக்கத்துக்கு பஸ் ஏறினேன். மன்னிச்சிக்கோடி, வா, வந்து உட்காரு என்று கூப்பிட வேண்டும். அதற்குத்தான் போனேன். அவள் தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். ஒரு பக்கக் கன்னம் ஒட்டியிருந்தது. தண்ணீர் கொடுத்தாள். நான் மருந்து விஷயத்தைச் சொன்னேன்.

"தெரியும்" என்றாள்.

"எப்புடி?"

"அத எடுக்கறதுக்குள்ள அந்த டாக்டருக்கு வேர்த்து ஊத்திச்சி. எலும்பு கெட்டியா புடிச்சிக்கினு கீதும்மா, எதுக்கு எடுக்கச் சொல்றன்னு ரெண்டு வாட்டி கேட்டாரு. பொய் சொல்றாருன்னு நெனச்சேன்." வெங்காயத்தை எடுத்து இன்னொரு தோலை உரித்தாள். "நீ சொன்னதத்தானே நம்பிக்கினு இருந்தேன்."

நான் தண்ணீர் சொம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இதச் சொல்லத்தான் பஸ்ஸு புடிச்சி வந்தியா?"

"ஆமா" என்றேன். மற்றது எதுவும் வெளியே வரவில்லை. நான் யாரிடமும் போய் நின்று கேட்டுப் பழகியவள் இல்லை. எழுந்துகொண்டேன்.

அவள் தெருமுனை வரைக்கும் கூடவே வந்தாள். என் முகத்தைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்து, "பஸ்ஸு வருது, ஏறு" என்றாள்.