கழுத்துக்கு எழுபத்தெட்டு மார்க்

போன வியாழக்கிழமை என் கணவர் ஒரு பரீட்சையில் பாஸானார். வயது நாற்பத்திரண்டு. பாடம் — கழுத்து.

சிரிக்காதீர்கள். நானும் முதலில் சிரித்தவள்தான்.

மூன்று மாதங்களுக்கு முன், எல் கமினோ ரியல் சாலையில் சிக்னலுக்காக நின்றிருந்த எங்கள் காரை ஒரு பிக்கப் ட்ரக் பின்னாலிருந்து இடித்தது. ஓட்டிக்கொண்டிருந்தவர் என் கணவர் சிவராமன். காருக்கு பம்பர் போயிற்று. அவருக்குக் கழுத்து. மறுநாள் காலை தலையைத் திருப்பவே முடியவில்லை. திரும்பிப் பார்க்க முடியாதவர் ஃப்ரீவேயில் லேன் மாறுவது எப்படி? நாங்கள் இருக்கும் சன்னிவேலில் கார் ஓட்டாமல் வேலைக்குப் போவதுதான் எப்படி? ஆக, தினமும் அவரை சான்டா கிளாராவிலுள்ள அவர் ஆபீஸில் இறக்கிவிட்டு, என் ஆபீஸுக்கு அரை மணி நேரம் லேட்டாகப் போய் மேனேஜரின் முகத்தில் விழிப்பது என் தலையெழுத்தானது.

இன்ஷூரன்ஸ் க்ளெய்முக்கு வக்கீல் வைத்தோம். வக்கீல் ஒரு கைரோபிராக்டரிடம் அனுப்பினார். முதுகையும் கழுத்தையும் கையாலேயே திருகிச் சரிசெய்கிறவர். நம்மூர் சலூனில் முடி வெட்டிய கையோடு இனாமாக நெட்டி எடுத்துவிடுவார்களே... அதே சமாச்சாரத்துக்கு இங்கே வெள்ளைக் கோட்டு, அப்பாயின்ட்மென்ட், மூலையில் தொங்கும் பிளாஸ்டிக் முதுகெலும்பு.

சலூன்காரரிடம் இல்லாத ஒன்று இவரிடம் இருந்தது. ஃபைல்! இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, தலையில் ஒரு கருவியை மாட்டி, கழுத்து எத்தனை டிகிரி திரும்புகிறது என்று அளப்பார். வலிக்கு பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு நம்பர் சொல்லச் சொல்வார். எல்லாம் ஒரு கிராஃபாகி இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு ஃபேக்ஸில் போகும். சிகிச்சையைத் தொடரலாமா, நிறுத்தலாமா என்று அவர்கள் அந்த கிராஃபைப் பார்த்து முடிவு செய்வார்கள். ஆளைப் பார்க்க மாட்டார்கள்.

முதல் அளவு முப்பது டிகிரி. நார்மல் என்றால் எண்பது என்று டாக்டர் சொல்லித் தொலைத்தார்.

அவ்வளவுதான். சிவராமன் ஈரோட்டுப் பக்கம் அரசுப் பள்ளியில் படித்து, ஸ்டேட் ராங்கை இரண்டே மார்க்கில் தவறவிட்டவர். அந்த இரண்டு மார்க்கை இன்னும் தேடிக்கொண்டிருப்பவர். அவரிடம் போய் எண்பதுக்கு முப்பது என்றால்...?

வீட்டில் படிப்பு ஆரம்பமாயிற்று. அளவெடுக்கும் நாளன்று வெந்நீர் ஒத்தடம், வலி மாத்திரை இரண்டு. முந்தின நாள் ரிவிஷன் — ஹாலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு தலையைத் திருப்புவார். உச்சந்தலைக்கு மேலே பாகைமானியைப் பிடித்துக்கொண்டு நின்றது யார்? சாட்சாத் நானேதான்.

"எவ்ளோ வருது?"

"அம்பத்தஞ்சு."

"இரு, இன்னும் ஒரு அஞ்சு வரும்."

வந்தது. கண்ணில் தண்ணீரும் வந்தது.

வலி நம்பர்? "ஏழு இருக்கும் உமா" என்று முனகிக்கொண்டே காரில் ஏறுவார். டாக்டரிடம் வாய் கூசாமல் "டூ" என்பார்.

"ஏங்க, ஏழுன்னுதானே சொன்னீங்க?"

"அந்த மனுஷன் ஆறு வாரமா என் கழுத்தோட மல்லுக்கட்டறாரு. இன்னும் ஏழுன்னு மூஞ்சிக்கு நேரா சொன்னா நல்லாவா இருக்கும்?"

விருந்துக்குப் போன வீட்டில் சாம்பாரில் உப்பில்லை என்று சொல்வோமா? அந்த மரியாதையாம்.

கிராஃப் ஜம்மென்று ஏறியது. முப்பது, நாற்பத்தைந்து, அறுபத்திரண்டு, எழுபத்தெட்டு. பின்னாலேயே இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்து கடிதமும் வந்தது. இவர் கடிதத்தை விட்டுவிட்டு, கூட இணைத்திருந்த கிராஃபை எடுத்துக்கொண்டார்.

"பாத்தியா, எழுபத்தெட்டு!"

"லெட்டரப் படிங்க மொதல்ல."

நோயாளி குணமடைந்துவிட்டார், இனிச் சிகிச்சைக்கு அனுமதி இல்லை என்று எழுதியிருந்தது. முகம் தொங்கிப்போயிற்று. சற்று முன்புதான் சட்டை மாட்டும்போது "அம்மா!" என்று அலறியிருந்தார். அவர் மேல் வந்த கோபத்தைவிட, பாகைமானி பிடித்த என் கை மேல் எனக்கு வந்த கோபம் அதிகம்.

வக்கீலுக்கு போன் போட்டேன். இல்லாத வலியை இருக்கிறது என்று சொல்லும் க்ளையன்ட்டுகளை நிறையப் பார்த்திருக்கிறாராம். இருக்கிற வலியை ஒளித்துவைக்கும் முதல் ஆசாமி இவர்தானாம். இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் கெஞ்சிக் கூத்தாடி, வேறொரு டாக்டர் ஒரே ஒருமுறை மறுபடி அளக்க ஏற்பாடு செய்தார். அதோடு ஃபைலை மூடிவிடுவார்கள்.

வியாழனன்று மாத்திரை டப்பாவை என் ஹேண்ட்பேகில் ஒளித்தேன். ஒத்தடம் கிடையாது. காரில் வழிநெடுக ஒரே பாட்டு.

"வலிக்கிற எடத்துல நிறுத்திடுங்க. பொய் சொல்லச் சொல்லலை. நெஜத்தைச் சொல்ல உங்களுக்கு என்னங்க வெட்கம்?"

"புரியுது, புரியுது. நான் என்ன கொழந்தையா?"

அளக்கிறவர்களைத் திட்டி என்ன பயன்? அளவுகோல் எதைக் கண்டாலும் மார்க் ஷீட் என்று நினைத்துக் கழுத்தை நீட்டுகிற ஜாதி அல்லவா நாம்! காய்ச்சல் வந்தால் தெர்மாமீட்டரிலும் சென்டம் வாங்கிவிட்டுத்தான் படுப்போம்.

இருபது நிமிடத்தில் வெளியே வந்தார். முகம் வெளிறியிருந்தது. நெற்றி முழுக்க வியர்வை. உதட்டில் மட்டும் ஒரு சிரிப்பு.

"எவ்ளோ?"

"எண்பத்திரண்டு. நார்மலுக்கும் மேல!"

"வலிக்கிற எடத்துல நிறுத்தச் சொன்னேனே!"

"நிறுத்தத்தான் பாத்தேன் உமா. 'டூ யுவர் பெஸ்ட்'னு சொல்லிட்டாரு அந்தாளு..."

திரும்பும்போது ஃப்ரீவேயில் நான்தான் ஓட்டினேன். "ரைட்ல வண்டி ஏதாவது வருதா பாருங்க" என்றேன், வேண்டுமென்றே.

எண்பத்திரண்டு டிகிரிக்காரர் ஸீட் பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டு, இடுப்போடு முழுசாகத் திரும்பிப் பார்த்தார்.