பிள்ளைக்காம்பராவில் பூல்மணி

நெல்லியாளம் பக்கத்து எஸ்டேட்டில் அன்னக்கிளி பிள்ளைக்காம்பரா ஆயா. கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் குழந்தைகளை அவளிடம் விட்டுவிட்டு மலையேறுவார்கள். தேயிலை விலை விழுந்து வேலைநாள் குறைந்ததும், லயத்து வரிசை வீடுகளில் இருந்த குடும்பங்கள் ஒவ்வொன்றாகத் திருப்பூருக்கு பஸ் ஏறின. அவளுடைய மகள் வனிதாவும் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டாள். தொட்டில் கயிறுகள் உத்தரத்தில் சும்மா தொங்கின.

ஆளில்லாமல் கொழுந்து முற்றியபோது எஸ்டேட்டில் ஜார்க்கண்டிலிருந்து ஆள் கூட்டி வந்தார்கள். அப்படி வந்த புத்னியின் மகள்தான் பூல்மணி. நான்கு வயது. முதல் நாள் கதவோரம் நின்று அழுதாள்.

"அழுவாத கண்ணு" என்று அன்னக்கிளி கை நீட்டியதும், அடிக்க வருவதாக நினைத்துப் பிள்ளை ஒடுங்கினாள். பேச்சும் புரியவில்லை. அன்னக்கிளி தள்ளி உட்கார்ந்து, வெறுங்கையில் சோறு பிசைவதுபோல் பிசைந்து, வாயில் போட்டு மென்று, வயிற்றைத் தடவிக்கொண்டாள்.

"சோறு."

பூல்மணி அழுகையை நிறுத்திப் பார்த்தாள். பிறகு தன் வயிற்றைத் தடவி, "சோறு" என்றாள்.

அப்படித்தான் அவளுக்குத் தமிழ் வந்தது. விரல்களை மேலிருந்து உதிர்த்தால் மழை. உள்ளங்கையில் கன்னத்தைச் சாய்த்தால் தூக்கம். கோபத்துக்கு அன்னக்கிளி கொழுந்துக்காட்டில் வேலை வாங்கும் கண்டக்டர் ஐயா மாதிரி இடுப்பில் கைவைத்து விறைப்பாக நடந்து காட்ட, பூல்மணி சிரித்துப் புரண்டாள். 'நாளைக்கு' மட்டும் சிக்கவேயில்லை. எந்தப் பக்கம் கை காட்டினாலும், அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

மறு வருஷம் கேரளாவில் கூலி கூடுதல் என்று புத்னி குடும்பத்தோடு கிளம்பிப் போனாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளிடமிருந்து போன் வந்தது. கொழுந்துக்காட்டில் பழகிய தமிழில் பேசினாள். "ஆயா, பூல்மணி உங்ககிட்ட பேசணுமாம்."

அன்னக்கிளி போனைக் காதில் அழுத்திக்கொண்டாள். "கண்ணு, சோறு தின்னியா? அங்க மழையா?"

மூச்சு மட்டும் கேட்டது.

"ஆயாவ மறந்துட்டியா?"

புத்னி போனை வாங்கினாள். "கோவிக்காதீங்க ஆயா. அது பேசுது, கையால பேசுது. உங்களுக்குத் தெரியும்னு நெனைக்குது."

"என்னம்மா சொல்லுது?"

"தெரியல. ரெண்டு கையையும் மேல நீட்டிக்கிட்டே நிக்குது."

"தூக்கச் சொல்லுது. நீ தூக்கிக்கம்மா."

பிள்ளைகள் இல்லையென்று அந்த வருஷமே பிள்ளைக்காம்பராவில் உரமூட்டை அடுக்கிவிட்டார்கள். அன்னக்கிளி இப்போது கொழுந்துக்குப் போகிறாள். ஞாயிறு மதியம் சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு ஏறி, புத்னியின் எண்ணுக்குப் போட்டுப் பார்ப்பாள். இணைப்பு கிடைக்காது; இந்தியில் பதிவு செய்த ஒரு பெண்குரல் ஏதோ சொல்லும். புரியாவிட்டாலும் முடியும்வரை கேட்டுவிட்டுத்தான் இறங்குவாள்.