எட்வின் அண்ணனின் நாலு சுற்று ரீல்

எட்வின் அண்ணன் மறைந்த செய்தி போன வெள்ளிக்கிழமை எங்கள் கடைக்குத் தொலைபேசியில் வந்தது. அவரோடு ஒரே ரூமில் இருந்த ஜோசப் அழுதுகொண்டே சொன்னான்: "தூக்கத்துலயே போயிட்டாருண்ணே." அழுகை அடங்குமுன் அடுத்ததையும் சொன்னான். அண்ணன் நினைவாக மீன்பிடிப் போட்டி நடத்தப்போகிறார்களாம். அவருடைய சூப்பர்வைசரின் ஏற்பாடு. முதல் பரிசுக்கு, இருப்பதிலேயே வேகமான தூண்டில் ரீலை நான் எடுத்து வைக்க வேண்டுமாம்.

அண்ணனை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். குமரிக் கடற்கரைக்காரர். அமீரகத்தின் புஜைராவில் கப்பல் பழுதுபார்க்கும் யார்டில் ஃபிட்டர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், தூண்டில் சாமான் விற்கும் எங்கள் கடைக்கு வரத் தொடங்கினார். ரீலின் கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றி, நூல் உருளை எத்தனை சுற்றுகிறது என்று பார்ப்பார்.

"இது ஆறு. தகட்டு இரைய எறிஞ்சு நெய்மீனுக்கு வெரசா இழுக்கலாம். இது நாலு. ஆழத்துல முங்குற பொய்யிரைக்கு இதுதான். வேகம் கொறவு, பெலம் கூடுதல்."

ஆழத்துக்கு ஆறு சுற்று ரீல் கேட்டு வருபவர்களை, "கை கழண்டு போவும் வேய்!" என்று விரட்டியும் விடுவார். என் வியாபாரத்தில் மண்ணைப் போட்டவர்களில் அவருக்கே முதலிடம்.

பிறகு ஒருநாள் யார்டில் சங்கிலி அறுந்து அவருடைய வலது மணிக்கட்டில் விழுந்தது. "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டான்" என்று சூப்பர்வைசர் எல்லாரிடமும் சொன்னார். இன்று நினைத்தாலும் அருவருப்பாக இருக்கிறது. எலும்பு கோணலாகவே கூடியது. அதன்பின் அந்தக் கைக்கு அடங்கியது நாலு சுற்று ரீல் மட்டும்தான்.

அவர்கள் ரூமில் எல்லாருக்கும் சேர்த்து ஒரே ரீல். பெரும்பாலானோர் கேட்பதைத்தான் வாங்குவார்கள். அண்ணன் நாலு கேட்டார். "கிழவன் ரீல்" என்று சிரித்துவிட்டு ஆறு வாங்கினார்கள்.

"கடலுக்குப் போவாத வெள்ளிக்கிழம எனக்கு ஜெயிலு மக்கா" என்று கடையில் வந்து உட்கார்ந்துவிட்டார். பழைய சரக்கில் கிடந்த நாலு சுற்று ரீல் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன்.

அடுத்த வெள்ளி அலைத்தடுப்புக் கற்களில் நின்று, பல்லைக் கடித்துக்கொண்டு, பெரிய கலவா மீன் ஒன்றை மெல்ல மெல்ல மேலே ஏற்றினார். குடும்பத்தோடு உலாவ வந்திருந்த சூப்பர்வைசர் அந்த மீனை வாங்கித் தூக்கிப் பிடித்துப் போட்டோ எடுத்துக்கொண்டு, அண்ணனின் கோணல் கையைக் குலுக்கக் கை நீட்டிவிட்டு, மீனோடு போனார். சீ! அண்ணன் சொன்னது இவ்வளவுதான்: "மீனக் கொண்டு போவட்டும். எனக்குக் கைகுடுக்க வந்தாம் பாரு, அதான் சகிக்கல்ல."

இப்போது போட்டி நோட்டீஸிலும் அதே போட்டோ. அதை ஒட்ட சூப்பர்வைசரே கடைக்கு வந்து பரிசு ரீலைக் கேட்டார். நாலு சுற்று ரீல் ஒன்றை எடுத்து வைத்தேன். சுற்றிப் பார்த்து முகம் சுளித்தார்.

"என்ன பாய், ஆமை மாதிரி இருக்கு? எட்வினுக்கு ஸ்பீடுதானே பிடிக்கும்?"

"இதுக்கு மேல சுத்த அண்ணனோட கை ஒத்துக்காது. சங்கிலி விழுந்த கை" என்றேன், கடையில் நின்ற எல்லாருக்கும் கேட்கும்படி. அவர் நோட்டீஸைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.

இன்று அண்ணனின் சவப்பெட்டி ஊருக்குப் போகிறது. கிரீஸ் போட என்னிடம் விட்டுப்போயிருந்த அவருடைய ரீலைத் துடைத்து ஜோசப்பிடம் கொடுத்தேன். பெட்டியை மூடுமுன் வலது கைப் பக்கமாக வைக்கச் சொன்னேன்.

போய் வாருங்கள் அண்ணே. இனி உங்களுக்குக் கைகொடுக்க அந்த ஆள் வர மாட்டார்.