ஜன்னல் கண்ணாடியில் ஒரு பூனை வாசல்

எங்கள் குப்பத்தில் பூனைக்கென்று தனியாக வாசல் வைத்த வீடு எங்களுடையது ஒன்றுதான். அது எப்படி வந்தது என்று என் மகளின் சிநேகிதிகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். வாயால் சொன்னால் ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒன்று விட்டுப்போகிறது. அதனால் பிள்ளைகளே, உங்களுக்காக உட்கார்ந்து எழுதிவிடுகிறேன்.

பழவேற்காட்டுக்குப் பக்கத்தில் ஏரியை ஒட்டி இருக்கிறது எங்கள் குப்பம். நான் ஏரியில் வலை போடுகிறவன். நண்டு பிடிக்கிற கூண்டும் கட்டுவேன். வீட்டில் நான், என் மனைவி, ஆறாவது படிக்கிற மகள். பிறகு மகளின் பூனை. சாம்பல் நிறம், வால் நுனி மட்டும் வெள்ளை.

வீட்டின் பின்பக்கம் ஒரு அறை. அதில் பாதி வலைக்கு, பாதி மகள் படிக்க. ஏரியைப் பார்த்தபடி ஒரு ஜன்னல். அலுமினியச் சட்டத்தில் இரண்டு கண்ணாடிகள், இழுத்தால் நகரும். கம்பி வைக்கவில்லை. வலையைத் தூக்கிப் போக வருகிறவன் ஜன்னல் வழியாகவா வருவான் என்று விட்டுவிட்டேன். அந்த ஜன்னலை ஒரு கை அகலம் திறந்து வைத்திருப்பாள் மகள். பூனை அதன் வழியாக வரும், போகும். வலையைக் கடிக்க வருகிற எலியையும் அது பார்த்துக்கொண்டது.

ஐப்பசி பிறந்து வாடைக்காற்று திரும்பியதும் வம்பு வந்தது. அந்தக் கை அகலத்தில் மழை நேராக உள்ளே வந்து விழுந்தது. மகளின் புத்தகங்கள் ஊறிப்போய் அடை மாதிரி ஆகிவிட்டன.

"இனிமே இந்த ஜன்னல் தொறந்து கீறத பாத்தேன், நீயும் உன் பூனையும் ஒண்ணா வெளியதான் படுக்கணும்" என்றாள் என் மனைவி.

"அது வவுத்துல குட்டி கீதுமா. வெளிய போட்டா நாய் தூக்கிக்கினு பூடும்."

மகள் சும்மா சொல்லவில்லை. முதல் ஈற்றில் அந்தப் பூனை கரையில் கவிழ்த்து வைத்திருந்த படகுக்கு அடியில் குட்டி போட்டது. ஒரு நாள் காலையில் போய்ப் பார்த்தால் குட்டிகள் இல்லை. மணலில் நாய்க்கால் தடம் மட்டும் இருந்தது. பூனை பல நாள் அந்தப் படகைச் சுற்றிச் சுற்றிக் கத்திக்கொண்டு திரிந்தது. மகள் அதன் பின்னாலேயே திரிந்தாள். இந்தத் தடவை குட்டி பிழைக்க வேண்டும். அவளுக்கு அது ஒன்றுதான் கவலை, சோறு கூட இறங்கவில்லை.

என் போனில் எங்கேயோ தேடி ஒரு வீடியோ எடுத்து வந்து காட்டினாள். "நைனா, இத பாரேன். கண்ணாடியிலயே ஓட்ட போட்டு, பூனைக்கு குட்டிக் கதவு வச்சிக்கிறாங்கோ. தலையால முட்னா தொறக்குது. அப்பால தானா மூடிக்குது."

பார்த்தேன். ஒரு வளையம், ஒரு தகடு, அவ்வளவுதான். "இத போயி வெளியில வாங்கணுமா? நான் செய்றேன் உடு" என்றேன்.

ஏரியில் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்று எங்களுக்குள் முறை உண்டு. அதைப் பாடு என்போம். எங்களுக்குப் பாடு இல்லாத ஒரு நாள், ஜன்னலில் ஒரு கண்ணாடியைக் கழற்றிச் சாக்கில் சுற்றிப் பழவேற்காட்டுக்கு எடுத்துப் போனேன். கண்ணாடிக் கடை பாய் அதை விரலால் தட்டிப் பார்த்தார்.

"சாதா கண்ணாடிதான், பொழச்ச. சூடேத்தி டஃபன் பண்ண கெட்டிக் கண்ணாடியா இருந்தா, வெட்டறதுக்குள்ள பொரி மாதிரி கொட்டிப்புடும். எக்ஸாஸ்ட் ஃபேனுக்கா ஓட்ட?"

"இல்ல பாய். பூனைக்கு."

"பூனைக்கு ஃபேனா!"

விஷயத்தைச் சொன்னேன். சதுரமாக வெட்டச் சொன்னதற்கு முடியாது என்றார். சதுரம் வெட்டினால் மூலையிலிருந்து விரிசல் ஓடுமாம். வட்டம்தான் தாங்குமாம். எவ்வளவு பெரிது என்று கேட்டதற்கு, பூனையைச் சாணால் அளந்து வந்திருந்ததைக் கையால் காட்டினேன்.

"இது பூனை வவுத்தோடவா, வவுறு இல்லாமயா?"

"வவுத்தோட."

"அப்ப சரி. புள்ள பெத்தப்புறம் சொக்கா லூசா இருந்தா ஒண்ணும் தப்பில்ல" என்று சிரித்துக்கொண்டே கருவியை ஊன்றி வட்டம் போட்டார். வட்டத்துக்குள்ளே குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, பின்பக்கம் மெல்லத் தட்டித் தட்டித் துண்டு துண்டாக எடுத்தார். கண்ணாடி கிணுகிணுக்கும் போதெல்லாம் நான் ஓரடி பின்னால் நகர்ந்தேன். விளிம்பை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, "தடவிப் பாரு" என்றார். விரல் வழுக்கிக்கொண்டு போனது.

மிச்ச வேலை என்னுடையது. மீன் அள்ளுகிற நீல பிளாஸ்டிக் பீப்பாய் ஒன்று உடைந்து கிடந்தது. அதிலிருந்து இரண்டு வளையம் அறுத்தேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. கண்ணாடியைக் கடிக்காமல் இருக்க நடுவில் சைக்கிள் டியூபை வெட்டி வைத்து, ஓட்டையின் உள்விளிம்பு ஓரமாகத் திருகாணி போட்டு முடுக்கினேன். மீதி பீப்பாயில் வளையத்தின் ஓட்டையைவிடச் சற்றுப் பெரிதாக, வட்டமாக ஒரு தகடு. வளையத்தின் உட்பக்கம் மேலே நைலான் கயிற்றால் கட்டித் தொங்கவிட்டேன். காற்றில் ஆடாமல் இருக்கத் தகட்டின் அடியில் வலைக்குக் கோக்கிற ஈயக்குண்டைப் பதித்தேன். கண்ணாடியைத் திரும்ப ஜன்னலில் மாட்டித் தள்ளிப் பார்த்தேன், உள்ளே போனது. விட்டால் 'டப்' என்று வந்து மூடிக்கொண்டது.

ஊரில் பாதிப் பேர் வந்து பார்த்தார்கள். பக்கத்து வீட்டு அண்ணன் குனிந்து தகட்டைத் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, "மனுசன் உள்ள வர்ற கதவே நம்ம வூட்ல சரியா மூடாது. பூனைக்கு வந்த வாழ்வப் பாரு" என்றார்.

பூனையைப் பழக்கியது மகள். உள்ளே மீன் தலையை வைத்துவிட்டு வெளியே பூனையை விடுவாள். முதலில் முறைத்தது. பிறகு நகத்தால் சுரண்டியது. இரண்டாம் நாள் தலையால் முட்டி உள்ளே வந்து, மீன் தலையைத் தின்றுவிட்டு, அறைக் கதவு வழியாக வீட்டுக்குள் நடந்து, வாசல் வழியாக வெளியே போயிற்று. நாங்கள் கை தட்டினோம். தினமும் அப்படித்தான். ஜன்னல் வழியாக வரும், வாசல் வழியாகப் போகும். இதில் பார்க்க வேண்டியது ஒன்று இருந்தது. மூன்று பேரில் ஒருவரும் பார்க்கவில்லை.

கிழிந்த வலைக் குவியலின் மேல் பூனை மூன்று குட்டி போட்டது. மகள் அன்றைக்குப் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று அழுது, போய், ஓட்டமாகத் திரும்பி வந்தாள்.

குட்டிகளுக்குக் கண் திறக்கிற சமயம், ஆரம்பாக்கத்தில் என் மனைவியின் தம்பி வீட்டுப் புதுமனை புகுவிழா வந்தது. மூன்று பேரும் போயாக வேண்டும்.

"நான் வரல. குட்டிய யாரு பாத்துப்பா?" என்றாள் மகள்.

"அதான் நைனா கதவு வச்சிக்கிறேன்ல? போவும், வரும். உனக்கு இன்னா கவல?" என்றேன்.

என்னை நம்பிப் புதுப் பாவாடை கட்டிக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே ஒரு தட்டில் மத்தி மீனும், பக்கத்தில் ஒரு சட்டியில் தண்ணீரும் வைத்தாள். அடுக்களையில் கருவாடு இருந்ததால் என் மனைவி அறைக் கதவை இழுத்துக் கொக்கி போட்டாள். பொன்னேரி போய் ரயில் பிடித்தோம். சாயங்காலமே திரும்புகிற யோசனைதான். ஆனால் மழை பிடித்துக்கொண்டது. "இந்த மழையில கொழந்தைய இட்டுக்கினு எங்க மாமா போறீங்கோ? காலையில போவலாம்" என்று மச்சான் விடவில்லை. தங்கிவிட்டோம்.

மறுநாள் மதியம் வீடு வந்ததும் மகள் நேராகப் பின்பக்கம் ஓடினாள். தட்டில் மீன் இல்லை. காக்கைகள் இழுத்துப்போட்ட முள் மட்டும் கிடந்தது. சட்டித் தண்ணீர் மழையில் நிரம்பி அப்படியே இருந்தது. கண்ணாடிக்கு உள்ளே பூனை நின்றது. வாய் திறந்து திறந்து மூடியது. கத்துகிறது என்று தெரிகிறது, சத்தம் வரவில்லை.

கதவின் கொக்கியை எடுத்ததும் என் காலுக்கு இடையில் பாய்ந்து வெளியே போய், முற்றத்தில் தேங்கியிருந்த மழைத் தண்ணீரைக் குடித்தது. குடித்துக்கொண்டே இருந்தது.

குட்டிகள் உயிரோடு இருந்தன. ஆனால் சோர்ந்து கிடந்தன. தாய்க்குத் தீனி இல்லாவிட்டால் பால் எங்கிருந்து வரும்? நீலத் தகட்டின் உட்பக்கம் முழுக்க நகக் கீறல். மகள் விரலால் தகட்டை வெளியே தள்ளிப் பார்த்தாள். நகரவில்லை. பலமாகத் தள்ளினாள். வளையத்தில் முட்டிக்கொண்டு நின்றது.

என் மனைவி எட்டிப் பார்த்தாள். "இன்னாங்க இது? நண்டுக்குக் கட்ற மாதிரியே கட்டி வச்சிக்கிறீங்கோ?"

அப்போதுதான் என் கண்ணுக்கே தெரிந்தது. கூண்டுக்கு வாய் வைக்கும்போது அப்படித்தான் வைப்போம். உள்ளே தள்ளினால் திறக்கும், வெளியே தள்ளினால் மூடும். வந்தது போகக் கூடாது. வலையும் அதற்குத்தான், கூண்டும் அதற்குத்தான். இத்தனை வருஷமாக இந்தக் கை கட்டிய வாசல் எல்லாமே அப்படித்தான். வீடியோவில் பூனை போனதையும் பார்த்தேன், வந்ததையும் பார்த்தேன். ஆனால் கை தனக்குத் தெரிந்ததைத்தான் செய்தது.

மகள் என் முகத்தைப் பார்க்காமல் போய்ப் பூனைக்கு மீன் எடுத்து வந்து முற்றத்தில் வைத்தாள்.

அதோடு முடியவில்லை. அந்த மீனைத் தின்றுவிட்டுப் பூனை உள்ளே வந்தது. ஒரு குட்டியின் பிடரியைக் கவ்விக்கொண்டு, வாசல் வழியாக வெளியே நடந்தது. பிறகு இரண்டாவது. பிறகு மூன்றாவது. கொண்டு போய் வைத்தது பழைய இடத்தில்தான், அந்தப் படகுக்கு அடியில். மகள் மூன்றையும் பாவாடையில் வாரி எடுத்து வந்து வலைக் குவியலில் விட்டாள். பூனை மறுபடி ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போயிற்று. அந்த அறையை இனி அது நம்பாது என்று எனக்குப் புரிந்துவிட்டது. கரையில் மீன் இறங்குகிற இடத்தில் நாய்கள் படுத்திருந்தன. ஏரிக்கு மேலே வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

மகள் ஒரு துடுப்பை எடுத்துக்கொண்டு போய்ப் படகுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னா பொண்ணு, படகுக்கு வாட்ச்மேன் வேலையா?" என்று கேட்டுக்கொண்டு போனார் பக்கத்து வீட்டு அண்ணன்.

நான் தகட்டைக் கழற்றினேன். கத்தியை அடுப்பில் காய்ச்சி, தகட்டைச் சுற்றி விளிம்பை அறுத்தேன். வளையத்தில் முட்டாமல் நடுவில் புகுந்து போகிற அளவு. இரண்டு வளையத்துக்கும் நடுவே தொங்கவிட்டேன். ஈயத்தைப் பாதியாகக் குறைத்தேன். உள்ளிருந்து தள்ளிப் பார்த்தேன், வெளியிலிருந்து தள்ளிப் பார்த்தேன். ஓரத்தில் கொஞ்சம் சாரல் வரும். வந்துவிட்டுப் போகட்டும்.

கரைக்குப் போய், "ரெண்டு பக்கமும் தொறக்குது கண்ணு. வா" என்றேன்.

"எனக்கு சொன்ன, நான் நம்புனேன். அதுக்கு யாரு சொல்றது?"

நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். பிறகு அவளே எழுந்தாள். துடுப்பை என் கையில் கொடுத்து, "நாய் வந்தா வெரட்டு" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனாள். ஒரு மீன் தலையை எடுத்து அறைக்குள் வைத்து, அறைக் கதவை ஒரு விரல் இடுக்கு விட்டுச் சாத்தினாள்.

வாசனை பிடித்துக்கொண்டு பூனை ஜன்னலுக்குப் போனது. என் மனைவி ஓடி வந்து துடுப்பை வாங்கிக்கொண்டு, "நீங்கோ போயி பாருங்கோ, நான் நிக்கிறேன்" என்றாள். நானும் மகளும் கதவிடுக்கில் கண்ணை வைத்தோம்.

தலை உள்ளே வந்தது. தோள் வந்தது. பாதி உடம்பு உள்ளே, பாதி வெளியே, அப்படியே நின்றது. தகடு அதன் முதுகில் படுத்திருந்தது. பிறகு குதித்து இறங்கியது. மீன் தலைப் பக்கமே போகவில்லை. உடனே திரும்பித் தகட்டை முட்டியது. திறந்தது. வெளியே போயிற்று. மகள் மூச்சு விட்டாள். பூனை மறுபடி உள்ளே வந்தது. மறுபடி வெளியே. இன்னொரு தடவை உள்ளே, இன்னொரு தடவை வெளியே. மீனை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

மழை பொட்டுப் பொட்டாக விழ ஆரம்பித்தது. பூனை முதல் குட்டியோடு வந்தது. வாயில் குட்டி இருந்ததால் முட்டத் தெரியவில்லை. தகட்டில் குட்டி இடித்துக் கத்தியது. ஓடிப்போய்த் தகட்டைத் தூக்கிப் பிடிக்கலாம் என்று கதவில் கை வைத்தேன். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "தொடாத நைனா. அதுவே வரட்டும்."

பூனை முகத்தைச் சாய்த்து, நெற்றியால் தள்ளியது. வந்துவிட்டது.

இரண்டாவதும் வந்தது. மூன்றாவதைக் கொண்டு வரும்போது மழை வலுத்துவிட்டது. தாயும் குட்டியும் நனைந்து பாதி உடம்பாகத் தெரிந்தன. குட்டியை வலையில் போட்டு நக்கியது. படுக்கவில்லை. எழுந்து மறுபடி ஜன்னலுக்குத் தாவியது. தகட்டைத் தள்ளித் தலையை மட்டும் வெளியே நீட்டி, மழையைக் கொஞ்ச நேரம் பார்த்தது. தலையை உள்ளே இழுத்துக்கொண்டு வந்து, பிறகுதான் குட்டிகளோடு படுத்தது.